காய்ச்சல் என்று எழுதும் லீவ் லெட்டர்: ஒன்பது, பத்தாம் வகுப்பில் பொய்யைக் குறைக்க என்ன ஏற்பாடு வேண்டும்?

நாஞ்சில் வகுப்பாசிரியர்

குமரி மாவட்டத்துப் பள்ளிகளில் வேலை பார்க்கிறவர்களும் பெற்றோர்களும் இங்கே நிறைய இருப்பதால் கேட்கிறேன். ஒன்பது, பத்தாம் வகுப்புகளில் தினமும் கண்ணில் படுகிற பொய்கள் நாலைந்து வகைதான். பரீட்சையில் காப்பி, பிட்டு. ரேங்க் கார்டில் அப்பாவின் கையெழுத்தைத் தானே போடுவது. செய்யாத சோதனைக்கு ரெக்கார்டு எழுதுவது. திருத்திக் கொடுத்த தாளில் விடையை மாற்றிவிட்டு, "சார், இதுக்கு மார்க் போடல்ல" என்று வந்து நிற்பது. இல்லாத காய்ச்சலுக்கு லீவ் லெட்டர்.

வாய்மை அதிகாரத்தின் பத்துக் குறளையும் தப்பில்லாமல் ஒப்பிக்கிற பிள்ளையே அடுத்த பீரியடில் பக்கத்துத் தாளைப் பார்க்கிறது. அதனால் புத்திமதி இங்கே வேண்டாம். எந்த இடத்தில் எதை மாற்றினால் எது குறையும், மாற்றும்போது எங்கே சறுக்கும் என்று எண்ணிக்கையோடு சொன்னால் ஜூன் மாதத்திலிருந்தே செய்து பார்க்கலாம்.

வேளிமலை (ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்)

கடைசியாகச் சொன்னீர்களே, அதிலிருந்து தொடங்குங்கள் சார். பொய் எழுத நாமே கைபிடித்துப் பழக்குகிற இடம் அது. கடிதம் எழுதச் சொல்லிக்கொடுக்கும்போதே, "எனக்குக் கடுமையான காய்ச்சலாக இருப்பதால் இரண்டு நாட்கள் விடுப்பு அளிக்குமாறு" என்று கரும்பலகையில் எழுதிப் போடுகிறோம். பிள்ளை அதை அப்படியே பத்தாம் வகுப்பு வரை கொண்டுவருகிறது.

நம்ம பக்கத்தில் பிள்ளைகள் லீவு போடுகிற உண்மையான காரணங்களைப் பாருங்கள். குடும்பக் கோயில் கொடை, அதாவது கோயில் திருவிழா. பங்குத் திருவிழாவின் கடைசி இரண்டு நாள். சித்தி கல்யாணம். அம்மா ஆஸ்பத்திரிக்குப் போனால் தம்பிக்குத் துணை. பெண்பிள்ளைகளுக்கு மாதவிலக்கு வயிற்றுவலி. கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கும் மண்டைக்காட்டுக் கொடைக்கும் உள்ளூர் விடுமுறை உண்டு. ஊர்க் கொடைக்குக் கிடையாது. "கொடைக்குப் போகணும்" என்று எழுதினால், "பத்தாங்கிளாசுல உனக்குக் கொடை கேக்குதா?" என்று நாலு பேர் முன்னால் கேட்கிறோம். "காய்ச்சல்" என்று எழுதினால் கேள்வியே இல்லாமல் கையெழுத்து விழுகிறது. எதை எழுதுவது லாபம் என்று பிள்ளைக்கு இரண்டே தடவையில் புரிந்துவிடும்.

லெட்டருக்குப் பதிலாகச் சீட்டு அடியுங்கள். ஒரு ஏ4 தாளை நாலாக வெட்டினால் நாலு சீட்டு. 40 பிள்ளைகள் உள்ள வகுப்பு என்றால் 50 தாளில் 200 சீட்டு வரும். அரை வருடம் ஓடும். பெயர், தேதி, எத்தனை நாள், வீட்டார் கையெழுத்து. அதன் கீழே டிக் போட ஏழு கட்டம்: உடல்நலம், குடும்ப நிகழ்ச்சி, கோயில் அல்லது பள்ளிவாசல் அல்லது ஆலய விழா, வீட்டில் துணை, வேலை, பஸ் அல்லது மழை, கடைசியாகச் "சொல்ல விரும்பவில்லை". எந்தக் கட்டத்தில் டிக் இருந்தாலும் வகுப்பில் வைத்துக் கேள்வி கிடையாது. மாதம் மூன்று நாளைத் தாண்டினால் மட்டும் தனியாகப் பேச்சு.

முதல் மாதம் காய்ச்சல் குறைந்து, விழாவும் வேலையும் கூடும். பதறாதீர்கள், இத்தனை நாள் காய்ச்சலுக்குள் ஒளிந்திருந்ததுதான் வெளியே வருகிறது. "வேலை" என்ற கட்டத்தில் யார் அடிக்கடி டிக் போடுகிறார்கள் என்பது எந்தப் பதிவேட்டிலும் கிடைக்காத தகவல்.

இந்த ஏற்பாடு கெடுவது ஒரே இடத்தில். வேறு பாட ஆசிரியர் யாராவது ஒரு நாள் அந்தச் சீட்டை எடுத்து வகுப்பில் உரக்க வாசித்துவிட்டால் போதும். மறுநாளே எல்லோருக்கும் மறுபடி காய்ச்சல் வந்துவிடும். அதனால் சீட்டு வகுப்பாசிரியர் மேசை டிராயரைத் தாண்டக் கூடாது.

துறைக்காரி

ரேங்க் கார்டு கையெழுத்தைப் பற்றிக் கடற்கரைத் தாய்மாரு சார்பில சொல்லுதேன். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை பக்கம் அப்பாமாரு ஆழ்கடலுக்குப் போனா திரும்பி வர வாரக்கணக்கு, சிலநேரம் மாசக்கணக்கு ஆவும். கல்ஃபுல உள்ளவங்க கதை வேற. "நாளைக்கே அப்பா கையெழுத்து வாங்கிட்டு வா, இல்லேன்னா வெளிய நில்லு" என்னு சொன்னா பிள்ளை என்ன செய்யும்? தானே போடும். அந்த உத்தரவு கேட்ட நேரத்திலயே அந்தப் பொய்யும் பொறந்தாச்சு.

மேற்குக் கடற்கரைக்கு மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. விசைப்படகுக்காரங்க அந்த ரெண்டு மாசமும் கரையில உண்டு. பள்ளிக்கூடம் திறக்கிறதும் அப்பதான். ஜூன் மாசமே ஒரு கூட்டம் வச்சு, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு தாளில மூணு பேரு மாதிரிக் கையெழுத்து வாங்கி வையுங்க: அப்பா, அம்மா, வீட்டில இருக்கிற இன்னொரு பெரியவங்க. பாட்டி கைநாட்டுதான் வைப்பாங்கன்னா அதுவும் சம்மதம். மூணில எது இருந்தாலும் கார்டு செல்லும்.

பிறகு, கார்டை வெள்ளிக்கிழமை குடுங்க, செவ்வாய்க்கிழமை திரும்ப வாங்குங்க. குலசேகரம், அருமனை, கடையால் பக்கம் ரப்பர் வெட்டப் போற வீடுகளில விடியுமுன்ன ஆளு வெளிய போயிரும். ஒரு ராத்திரிக்குள்ள கையெழுத்துன்னா நடக்காது. நடுவில ஒரு ஞாயிறு கண்டிப்பா வேணும்.

ஃபோன் நம்பரையும் சரிபாருங்க. பதிவேட்டில "அப்பா நம்பர்" என்னு இருக்கது பல வீட்டில பிள்ளை கையில கிடக்கிற ஃபோன். பள்ளிக்கூடத்து மெசேஜ் எல்லாம் அங்கதான் போவும், அங்கயே அழிஞ்சும் போவும். அந்த ஜூன் கூட்டத்தில தாய் தகப்பன் நேர்ல உக்காந்திருக்கும்போதே அந்த நம்பருக்கு ஒரு மிஸ்டு கால் குடுத்தா யாரு பையில அடிக்குதுன்னு தெரிஞ்சுரும்.

கணக்கு மேசை

துறைக்காரி அக்கா சொன்ன மிஸ்டு கால் யோசனையை எல்லா வகுப்பாசிரியர்களும் எடுத்துக்கொள்ளலாம். நான் பரீட்சை அறைக்குள் மட்டும் நிற்கிறேன். பொதுத்தேர்வு பற்றி அல்ல, வகுப்பில் நாம் வைக்கிற தேர்வுகள் பற்றி.

பத்தாம் வகுப்புக் கணக்குத் தாளில் ஒரு மதிப்பெண் வினா 14. நாலு விடை: அ, ஆ, இ, ஈ. கைச்சாடைக்கு இதைவிடத் தோதான வினா கிடையாது. ஒரு விரல் அ, இரண்டு விரல் ஆ. அல்லது கன்னம், மூக்கு, காது, நெற்றி. பழகிய இரண்டு பேர் 14 விடையையும் சில நிமிடத்தில் கடத்திவிடுவார்கள். கண்காணிப்பைக் கூட்டினால் சாடை மாறும், நிற்காது. வினாத்தாளை மாற்றினால்தான் நிற்கும். வினா வரிசை அதேதான். விடைகளின் வரிசையை மட்டும் மாற்றி இரண்டு வகைத் தாள். முதல் இரண்டு வினா இரண்டு தாளிலும் ஒன்றாகவே இருக்கட்டும், இல்லாவிட்டால் தாளைத் தொட்டவுடனே "உனக்கு எது?" என்ற சாடை தொடங்கிவிடும். திருத்தும்போது சரியான எழுத்துகளைத் தாளின் இடைவெளிக்கு ஏற்ப எழுதிய இரண்டு அட்டைத் துண்டு செய்து பக்கத்தில் வைத்துக்கொண்டால் கூடுதல் நேரம் ஆகாது.

வரைபட வடிவியலுக்கு ஜெராக்ஸ் செலவே இல்லாத வழி உண்டு. "அடிப்பக்கம் 5 செ.மீ., உச்சிக்கோணம் 40°, உச்சியிலிருந்து அடிப்பக்கத்துக்கு வரையும் குத்துக்கோடு 4 செ.மீ." என்று கொடுப்பதற்குப் பதில், "அடிப்பக்கம் = 5 செ.மீ. + உன் வருகைப் பதிவேட்டு எண்ணின் கடைசி இலக்கம் அளவு மில்லிமீட்டர்" என்று கொடுங்கள். எண் 27 என்றால் 5.7 செ.மீ.; 30 என்றால் 5 செ.மீ.தான். பக்கத்துப் பிள்ளையின் படம் உதவாது, ஆனால் முறையைக் கேட்டால் தானே வரைய வேண்டி வரும். உட்காரவைக்கும்போது கடைசி இலக்கம் ஒன்றாக உள்ளவர்கள், அதாவது 7, 17, 27, 37, அருகருகே வராமல் பார்த்தால் போதும்.

இதில் ஒரு பள்ளம் இருக்கிறது, கவனமாகக் கேளுங்கள். எண்களை மாற்றுமுன் பத்து அளவுக்கும் முக்கோணம் கிடைக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். உச்சிக்கோணம் 40° என்றால் 5 செ.மீ. அடிப்பக்கத்துக்கே உயரம் 6.8 செ.மீ. வரை போகும், 4 செ.மீ. எல்லோருக்கும் வரும். அதையே 70° ஆக்கிவிட்டால் 5 செ.மீ. அடிப்பக்கத்துக்கு உயரம் சுமார் 3.6 செ.மீ.யோடு நின்றுவிடும். கடைசி இலக்கம் 0 முதல் 6 வரை உள்ள பிள்ளைகளுக்கு முக்கோணமே கிடைக்காது, 7, 8, 9-க்குக் கிடைக்கும். தன் மேல் தப்பில்லாமல் தவிக்கிற பிள்ளை பக்கத்தில் பார்க்கத்தான் செய்யும். நாம் செய்த தவறால் ஒரு பிள்ளை காப்பி அடித்தால் அந்தக் குற்றம் யாருடையது?

திருத்திய தாளில் விடை மாற்றுவதற்கு மருந்து சுலபம். விடை எழுதாத இடத்திலெல்லாம் சிவப்பு மையில் குறுக்குக் கோடு. எழுதாத பக்கத்தில் மூலைக்கு மூலை கோடு. மொத்த மதிப்பெண்ணை எண்ணாலும் எழுத்தாலும் எழுதுவது. ஒரு தாளுக்கு அரை நிமிடம் கூடும். அந்த அரை நிமிடத்தைச் சோம்பலில் விட்டுவிட்டுப் பிறகு பிள்ளையைக் கள்ளன் என்று சொல்வது நியாயமில்லை.

பிட்டுக்கு ஒரு யோசனை. மைக்ரோ ஜெராக்ஸ் போட்டு வாங்கிய பிட்டால் பிள்ளைக்கு ஒரு பிரயோசனமும் இல்லை. தானே எழுதிய பிட்டு அப்படியல்ல. எதை விடுவது, எதை எழுதுவது என்று தீர்மானிக்கும்போதே பாதிப் பாடம் ஏறிவிடுகிறது. அதனால் பருவத்துக்கு ஒரு தேர்வை "குறிப்புத் தாள் தேர்வு" என்று அறிவியுங்கள். அஞ்சலட்டை அளவு, 14-க்கு 9 செ.மீ., ஒரு பக்கம் மட்டும், சொந்தக் கையெழுத்து. விடைத்தாளோடு சேர்த்துக் கட்டித் தர வேண்டும். அச்சடித்ததோ அடுத்தவன் கையெழுத்தோ என்றால் அந்தத் தேர்வுக்கு அட்டை கிடையாது, அவ்வளவுதான். ஒளித்து வைத்ததை மேசைமேல் வைக்க இடம் கொடுத்தால் அது பாடமாக மாறுகிறது.

தோவாளைக்காரன்

கணக்கு சார், அருமை. ஒரு சந்தேகம். விடைத்தாளின் முதல் பக்கத்திலேயே "நான் நேர்மையாக எழுதுவேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட வைத்தால் பொய் குறையும், ஆராய்ச்சியில் நிரூபித்திருக்கிறார்கள் என்று ஒரு பயிற்சி வகுப்பில் சொன்னதாகக் கேள்வி. அதைச் செய்யலாமா?

ஒளியியல்

அண்ணாச்சி, அந்த ஆய்வை நம்பாதீர்கள். 2012-ல் அமெரிக்காவில் வெளிவந்தது அது. படிவத்தின் அடியில் கையெழுத்து வாங்குவதைவிட மேலே வாங்கினால் ஆட்கள் உண்மை எழுதுகிறார்கள் என்றது. 2020-ல் அதே ஆய்வாளர்கள் பெரிய அளவில் மறுபடி செய்து பார்த்தபோது அந்தப் பலன் வரவில்லை. அதன் ஒரு பகுதியில் இருந்த தரவே புனையப்பட்டது என்று வெளியே வந்து, 2021-ல் கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள். நேர்மையைப் பற்றிய ஆய்வுக்கே இந்தக் கதி. உறுதிமொழி வாங்குவதில் கெடுதல் இல்லை. அதை நம்பி மற்ற ஏற்பாட்டை விட்டுவிடுவதுதான் கெடுதல்.

நம்பத் தகுந்தது இன்னும் பழையது. 1920-களில் ஹார்ட்ஷார்ன், மே என்ற இருவர் அமெரிக்காவில் ஏறத்தாழ 11,000 பள்ளிப் பிள்ளைகளைச் சோதித்தார்கள். தாளை வாங்கி விடைகளை ரகசியமாகக் குறித்துக்கொண்டு, மறுநாள் பிள்ளைகளிடமே கொடுத்துத் திருத்தச் சொல்வது ஒரு முறை. யார் மாற்றினார்கள் என்று தெரிந்துவிடும். ஒரு சோதனையில் ஏமாற்றிய பிள்ளை இன்னொன்றிலும் ஏமாற்றும் என்று சொல்ல முடியவில்லை. இடம் மாறினால் நடத்தையும் மாறியது. நல்லது கெட்டது தெரிந்திருப்பதற்கும் நேர்மையாக நடப்பதற்கும் தொடர்பு சொற்பம். நாஞ்சில் சார் கேட்ட குறள் கேள்விக்குப் பதில் இங்கே இருக்கிறது: "கள்ளப் பிள்ளை, நல்ல பிள்ளை" என்று வகுப்பை இரண்டாகப் பிரித்துப் பார்ப்பதே தப்பு.

இனி என் இடம், ஆய்வகம். பத்தாம் வகுப்பு அறிவியலில் 75 எழுத்து, 25 செய்முறை. குவிலென்சின் குவியத் தொலைவு காணும் சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். லென்சின் குவியத் தொலைவு 15 செ.மீ. என்று பிள்ளைகளுக்கு முந்தின வருடத்து ரெக்கார்டிலேயே தெரியும். பொருளின் தூரம் 20 என்றால் பிம்பம் 60. 25 என்றால் 37.5, 35 என்றால் 26.25. சூத்திரத்தைத் திருப்பிப் போட்டு வீட்டிலேயே எழுதிவிடுகிறார்கள். ரெக்கார்டில் 26.25 என்று பார்த்த உடனே நிறுத்துங்கள். மீட்டர் அளவுகோலின் மிகச் சிறிய பிரிவு 1 மி.மீ.; 26.2 அல்லது 26.3 என்று வரலாம், 26.25 வராது. அதோடு, திரையை மூன்று நாலு மி.மீ. முன்னும் பின்னும் நகர்த்தினாலும் பிம்பம் கண்ணுக்குத் தெளிவாகவே தெரியும். உண்மையாக அளந்தவருக்கு 14.6, 15.3, 14.9 என்றுதான் வரும். மூன்று முறையும் 15.0 என்றால் லென்சைத் தொடவே இல்லை.

ஆனால் ஏன் தொடவில்லை? எட்டுப் பேருக்கு ஒரு லென்ஸ், 40 நிமிட பீரியட், ஜன்னல் மூடாத அறை. அதற்கு மேல், 15.0 எழுதியவருக்கு முழு மதிப்பெண், 14.6 எழுதியவருக்கு அரை மதிப்பெண் குறைவு. உண்மை எழுதினால் நட்டம். மாற்றுவது இப்படி: நாலு பேருக்கு ஒரு லென்ஸ். லென்சுகள் வெவ்வேறு குவியத் தொலைவு, 10, 15, 20 செ.மீ. கலந்து வாங்கி, எண் மட்டும் ஒட்டி வைப்பது. அளவீட்டைக் கார்பன் தாள் வைத்து எழுதி, மேல் தாளை அறையை விட்டுப் போகுமுன் தருவது, நகலைப் பார்த்து ரெக்கார்டு எழுதுவது. மதிப்பெண் அளவீட்டுக்கும், பிழை எங்கே வந்தது என்று எழுதும் ஒரு வரிக்கும். விடை எவ்வளவு நெருங்கியது என்பதற்கு இல்லை. அளவீடு தப்பினால் அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதலாம், ரப்பர் கூடாது. அடித்த எண்கள் உள்ள தாளைத்தான் நான் முதலில் நம்புவேன்.

தோவாளைக்காரன்

அப்படியானால் வீட்டுப்பாடம்? இப்போது எல்லாம் சாட்ஜிபிடி எழுதிக் கொடுக்கிறது. மாத்தூர் தொட்டிப் பாலம் பற்றிக் கட்டுரை என்றால் நாற்பது நோட்டிலும் ஒரே "115 அடி உயரம்", ஒரே "சுற்றுலாப் பயணிகளைக் கவரும்".

வேளிமலை

நெட்டில் இருப்பதைக் கேட்டால் நெட்டிலிருந்துதான் எடுப்பார்கள். தோவாளைப் பூச்சந்தையில் இன்று பிச்சிப்பூ கிலோ என்ன விலை, நேற்று என்ன விலை, ஏன் மாறியது, யாரிடம் கேட்டாய் என்று கேளுங்கள். ஊர்க் குளத்துக்கு எத்தனை மடை, கடைசியாக எப்போது தூர் வாரினார்கள் என்று கேளுங்கள். ஒரு பக்கம் போதும். தினம் ஐந்து பேரைக் கூப்பிட்டு ஆளுக்கு இரண்டு நிமிடம் வாயால் சொல்லச் சொன்னால் எட்டு நாளில் வகுப்பு முடியும். கருவி எழுதியதா என்று கண்டுபிடிக்கும் மென்பொருளை நம்பி ஒரு பிள்ளையையும் குற்றம் சொல்லாதீர்கள். அவை தானே எழுதிய பிள்ளையையும் பிடிக்கும்.

கடைசி பெஞ்ச் (கல்லூரி மாணவி)

நீங்க எல்லாரும் பெரியவங்க பக்கத்திலேருந்து பேசுறீங்க. பிள்ளைகளுக்குக் காப்பி அடிக்கிறது ஒரு தப்பாவே தோணாது, காட்டாம இருக்கிறதுதான் துரோகம். "கூட்டுக்காரி கேட்டா காட்டல்ல" என்னு ஒரு பேரு வந்தா அந்த வருஷம் முழுக்கத் தனியாத்தான் சாப்பிடணும். அதனால காட்டாதேன்னு மட்டும் சொல்லாதீங்க. உதவிக்கு வேற ஒரு இடம் குடுங்க. டெஸ்டுக்கு முன்னாடி 15 நிமிஷம் ரெண்டு ரெண்டு பேரா உக்காந்து ஒருத்தருக்கொருத்தர் கேள்வி கேக்கட்டும். பரீட்சையில தள்ளித் தள்ளி உக்கார வைங்க. அப்ப "எப்படிக் காட்ட, எட்டல்லியே" என்னு சொல்லித் தப்பிக்கலாம், நட்பும் உடையாது. நெருக்கமா உக்கார வச்சிட்டு மனசாட்சியை மட்டும் பரீட்சை பண்றது பிள்ளைகளுக்குப் பெரிய பாரம்.

இன்னொண்ணு. மதிப்பெண் கூட்டித் தப்பா அதிகம் போட்டிருந்தா, அதைச் சொல்லப் போற பிள்ளைக்கு என்ன நடக்கு? மார்க் குறையும், வகுப்பு சிரிக்கும். ரெண்டாவது தடவை யாரு போவா?

கணக்கு மேசை

மோளே, இது சரியான கேள்வி. சிறு தேர்வுகளில் என் விதி: தானாக வந்து சொன்னால் அந்த மதிப்பெண்ணைக் குறைக்க மாட்டேன். தவறு என்னுடையது, விலையும் நான் கொடுக்க வேண்டும். தாளின் மேல் "மாணவர் சொன்னார்" என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன்.

ஒளியியல்

இதில் நான் உங்களோடு ஒத்துப்போகவில்லை சார். இல்லாத மதிப்பெண் பதிவேட்டில் இருந்தால் அதுவும் ஒரு பொய்தான், அதை நாமே காப்பாற்றுகிறோம் என்று ஆகிறது. குறைக்க வேண்டும். வகுப்பின் முன் இல்லாமல், ஆசிரியர் அறையில் வைத்து, பிள்ளையின் கண் முன்னால் திருத்தி, நன்றி சொல்லி அனுப்ப வேண்டும். சொன்னால் மதிப்பெண் போகாது என்று தெரிந்தால் பிறகு அது நேர்மை அல்ல, பாராட்டுக்கான வழி.

கணக்கு மேசை

காலாண்டு, அரையாண்டுக்கு நீங்கள் சொல்வது சரி. பத்து மதிப்பெண் ஸ்லிப் டெஸ்டில் நான் மாற மாட்டேன். பதினாலு வயதில் முதல் தடவை அந்த நடை நடந்து ஆசிரியர் அறை வாசலுக்கு வருகிற பிள்ளைக்கு அந்த ஒரு மதிப்பெண் நான் தரும் பஸ் கூலி.

தோவாளைக்காரன்

நேர்மைக் கடை பற்றி யாரும் சொல்லவில்லையே. ஆள் இல்லாத கடை, பிள்ளைகள் தாங்களே எடுத்துக் காசு போடுவது. கேரளத்திலும் நம்ம பக்கமும் சில பள்ளிகளில் வைக்கிறார்கள். கணக்கு வைக்கத் தெரிந்த வியாபாரி என்ற முறையில் எழுதுகிறேன், ஏனென்றால் பெரும்பாலும் கணக்குத் தெரியாமல்தான் அது மூடுகிறது.

1,000 ரூபாய் முதல் போதும். பொருள் எட்டுக்கு மேல் வேண்டாம்: ரீஃபில், பென்சில், ரப்பர், ஸ்கேல், கிராஃப் தாள், இந்தியா மேப், கோடு போட்ட தாள், பேனா. தின்பண்டம் கூடவே கூடாது. பசித்த பிள்ளையின் முன்னால் மிட்டாயை வைத்து நேர்மை பார்ப்பது பாவம். விலை எல்லாம் 5, 10 என்று முழு நாணயமாக இருக்க வேண்டும். கிராஃப் தாள் ஒன்று ஒரு ரூபாய் என்றால் ஐந்தைச் சேர்த்துக் கட்டி ஐந்து ரூபாய்க்கு வையுங்கள். சில்லறைத் தட்டில் 100 ரூபாய் எப்போதும். பக்கத்தில் கடன் நோட்டு ஒன்று நூலில் கட்டியது. முதல் மாதப் பற்றாக்குறையில் பெரும்பங்கு திருட்டாக இருக்காது. சில்லறை இல்லாமல் "நாளைக்குப் போடுவோம்" என்று போய் மறந்ததாக இருக்கும்.

வெள்ளிக்கிழமை மாலை எண்ணுங்கள், இரண்டு பிள்ளைகளும் ஒரு ஆசிரியரும் சேர்ந்து. தொடக்க இருப்பு, வாரத்தில் சேர்த்தது, இரண்டையும் கூட்டி மீதி இருப்பைக் கழித்தால் விற்றது. விற்றதை விலையால் பெருக்கினால் வர வேண்டியது. வர வேண்டியது 640 என்று வையுங்கள். பெட்டியில் 715 இருக்கிறது, அதில் சில்லறை முதல் 100 போக 615. கடன் நோட்டில் 15. பற்றாக்குறை 10 ரூபாய். அந்த 10-ஐ அப்படியே பலகையில் எழுதிப் போடுங்கள். "யார் எடுத்தது?" என்று கேட்காதீர்கள். கேமரா வைக்காதீர்கள், வைத்தால் அது சாதாரணக் கடை. "ஒன்பதாம் வகுப்பு பி பிரிவு நேர்மையானது" என்று பரிசும் கொடுக்காதீர்கள். கொடுத்தால் பற்றாக்குறையைத் தங்கள் கைக்காசு போட்டு மறைக்கத் தொடங்குவார்கள், பலகைக் கணக்கு பொய்யாகிவிடும்.

மூடுவதற்கு இன்னொரு காரணம் உண்டு, அதைச் சொல்ல வருத்தமாக இருக்கிறது. பீரியட் மணி அடித்த அவசரத்தில் ஆசிரியர்கள் சிவப்பு ரீஃபிலை எடுத்துக்கொண்டு "பிறகு தாறேன்" என்று போவது. பிள்ளைகள் அதை எண்ணிக்கொண்டிருப்பார்கள். கடன் நோட்டில் முதல் பெயர் தலைமையாசிரியருடையதாக, அடுத்த நாளே அடித்துக் கணக்குத் தீர்த்ததாக இருந்தால் கடை வருடம் முழுக்க நிற்கும்.

வீட்டிலும் இதேதான். பஸ்ஸில் அரை டிக்கெட்டுக்காகப் பிள்ளையின் வயதைக் குறைத்துச் சொல்லச் சொல்கிறோம். கடன்காரர் வந்தால் "அப்பா இல்லேன்னு சொல்லு" என்று அனுப்புகிறோம்.

வேளிமலை

தோவாளை அண்ணாச்சி தொட்ட இடம் பள்ளிக்கும் பொருந்தும். ராஜ்கோட்டில் காந்தி படித்த பள்ளிக்கு ஜைல்ஸ் என்ற ஆய்வாளர் வந்து ஐந்து ஆங்கிலச் சொற்களை எழுதச் சொன்னதும், "கெட்டில்" என்ற சொல்லைக் காந்தி தப்பாக எழுதியதும் நமக்குத் தெரியும். பாடம் நடத்தும்போது காந்தி காப்பி அடிக்கவில்லை என்பதோடு நிறுத்திவிடுகிறோம். பக்கத்துப் பையனைப் பார்த்து எழுது என்று பூட்ஸ் காலால் தட்டிச் சாடை காட்டியது ஆசிரியர். ஆய்வு நாளில் நல்ல பெயர் வேண்டும் என்பதற்காக. தேர்ச்சி விகிதத்தில் முன்வரிசையில் நிற்கும் மாவட்டம் நம்முடையது. அந்த அழுத்தத்தில் திருப்புதல் தேர்வின்போது ஒரு மதிப்பெண் விடையை மெல்லச் சொல்லிக்கொடுக்கும் கண்காணிப்பாளர் அந்த அறையின் நாற்பது கண்ணுக்கும் ஒரே நேரத்தில் பாடம் நடத்துகிறார்.

பிடிபட்டால் என்ன செய்வது என்று எழுதிவிடுகிறேன், இங்கேதான் உயிர் போகிற தவறு நடக்கிறது. பொதுத்தேர்வு என்றால் அறைக் கண்காணிப்பாளர் தானாக ஒன்றும் தீர்மானிக்கக் கூடாது. முதன்மைக் கண்காணிப்பாளரிடம் விட வேண்டும். பள்ளித் தேர்வு என்றால்: சத்தம் போடாமல் பக்கத்தில் போங்கள். பிட்டை எடுத்து மடித்துப் பையில் வையுங்கள். அதுவரை எழுதியதன் கீழ் கோடு போட்டு, மணி எழுதி, கையெழுத்திட்டு, புதுத் தாள் கொடுத்து எழுதச் சொல்லுங்கள். பிள்ளையின் உடையைச் சோதிக்காதீர்கள். பெண்பிள்ளைக்குப் பெண் ஆசிரியர் இல்லாமல் பக்கத்தில்கூட நிற்காதீர்கள். அடிப்பது கூடாது, கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 17 உடல் தண்டனையோடு மனத்தைத் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. எழுப்பி நிறுத்தி நாலு பேர் முன்னால் பேசுவது அந்த இரண்டாவதில் சேரும்.

தேர்வு முடிந்ததும் தனியாக உட்காரவைத்து மூன்று கேள்வி. எந்தப் பாடம் தெரியவில்லை? எப்போதிலிருந்து தெரியவில்லை? வீட்டில் யாருக்குப் பயம்? மூன்றாவதுக்கு என்ன பதில் வருகிறதோ அதை வைத்துத்தான் வீட்டுக்கு எப்படிச் சொல்வது என்று தீர்மானிக்க வேண்டும். அன்று அந்தப் பிள்ளை தனியாக வீட்டுக்குப் போகக் கூடாது. பெற்றோர் வரும்வரை ஒரு ஆசிரியர் கூட இருக்க வேண்டும், அல்லது கொண்டுபோய் விட வேண்டும். பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417, குழந்தைகளுக்கான 1098 இரண்டையும் அந்த அறைச் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள். தண்டனை என்றால் அந்த விடைக்குப் பூஜ்யம், ஒரு வாரத்துக்குள் அதே பகுதியில் மறுதேர்வு. அதற்கு மேல் வேண்டாம்.

ஒளியியல்

இதற்கு ஒரு சான்று. மேற்கு ஆப்பிரிக்காவில் பிரம்படி உள்ள பள்ளி, இல்லாத பள்ளி இரண்டிலும் மூன்று, நாலு வயதுப் பிள்ளைகளை ஒப்பிட்ட ஆய்வு 2011-ல் வந்தது. அடி உள்ள பள்ளியில் பொய் சொன்னவர்கள் அதிகம், அதோடு சொன்ன பொய்யைக் கடைசி வரை மாற்றாமல் காப்பாற்றும் திறனும் அதிகம். பிரம்பு அந்தக் கைத்திறமையைத்தான் வளர்க்கிறது.

நாஞ்சில் வகுப்பாசிரியர்

எல்லோருக்கும் நன்றி. லீவுச் சீட்டும் மாதிரிக் கையெழுத்தும் ஜூன் முதல் வாரமே. கார்பன் தாள் அறிவியல் டீச்சரிடம் சொல்லிவிட்டேன். வேளிமலை சாரிடம் ஒரே ஒரு கேள்வி: ஒரு பிள்ளை "சொல்ல விரும்பவில்லை" என்ற கட்டத்திலேயே திரும்பத் திரும்ப டிக் போட்டால்?

வேளிமலை

இரண்டு தடவை விட்டுவிடுங்கள். மூன்றாவது தடவை, மதியச் சாப்பாட்டு நேரத்தில், வேறு வேலையாகக் கூப்பிட்டதுபோல் கூப்பிட்டு, "வீட்டில யாருக்காவது சுகமில்லையா மக்கா?" என்று மட்டும் கேளுங்கள். பெண்பிள்ளை என்றால் டீச்சர் கேட்கட்டும். பதில் வராவிட்டால் மறுபடி கேட்காதீர்கள், சீட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுங்கள். அந்த வாரத்துக்குள் ஒரு சாயங்காலம் அந்த வீட்டுப் பக்கம் போய் வாருங்கள்.